காலொடிந்த ராக்ஷஸர்கள்

ஒவ்வொரு மனிதனுக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் உண்டு. சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் பழைய காசுகளைத் தேடி ஊர் ஊராய் அலைகிறார்கள். இன்னும் சிலர் பித்தளைப் பாக்குவெட்டிகளையும் வெற்றிலைப் பெட்டிகளையும் வாங்கிக் கூடத்தை நிரப்புகிறார்கள். இவர்களையெல்லாம் உலகம் "ரஸிகர்கள்" என்று மரியாதையுடன் அழைக்கிறது. ஆனால் நமக்குள்ள பைத்தியத்தை வெளியிட்டால் மட்டும், கேட்பவர்கள் முதலில் நம் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு நம் நரைத்த தலையைப் பார்க்கிறார்கள், கடைசியில், "உங்களுக்குக் குழந்தைகள் எத்தனை பேர்?" என்று அநுதாபத்தோடு விசாரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான்: நாம் டைனோஸார் பொம்மைகள் சேர்க்கிறோம். அதுவும் கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் புதுப் பொம்மைகளை அல்ல. கால் ஒடிந்தவை, வால் அறுந்தவை, வர்ணம் உரிந்தவை, நாய் கடித்துக் குதறியவை - இவைதான் நமக்கு வேண்டியவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, ஒட்டவேண்டியதை ஒட்டி, புது வர்ணம் பூசி, அலமாரியில் நிறுத்துகிறோம். இப்போது நம் அலமாரியில் 63 ராக்ஷஸர்கள் இருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் உயர்தரப் பள்ளிச் சரித்திர உபாத்தியாயருக்கு இது ஏற்ற பொழுதுபோக்கா என்று கேட்டால், "இல்லை" என்றுதான் நமது சகதர்மிணி பதில் சொல்வாள்.

நமக்கு இந்த மிருகங்களை அளிக்கும் புண்ணிய க்ஷேத்திரம் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் இல்லாத பொருள் இல்லை. ஓடாத கடிகாரம், பேசாத ரேடியோ, கைப்பிடி இழந்த குடை, ஒற்றைச் செருப்பு எல்லாம் தரையில் விரித்த தார்ப்பாயின் மேல் வாங்குவோருக்காகக் காத்துக்கிடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் விடிந்ததும் விடியாததுமாக நாம் அங்கே ஆஜராகிவிடுவோம். "வாத்தியார் ஐயா, உங்க பல்லி ஒண்ணு வந்திருக்கு!" என்று வியாபாரிகள் கூப்பிடும் அளவுக்கு நமக்கு அங்கே கீர்த்தி ஏற்பட்டிருக்கிறது.

பல்லி என்று அவர்கள் சொல்வதில் தப்பில்லை. 1842-ஆம் வருஷத்தில் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில சாஸ்திரி இந்தப் பிராணிகளுக்கு டைனோஸார் என்று பெயரிட்டபோது, பயங்கரமான பல்லி என்ற பொருள்படத்தான் கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். பறவைக் குலத்தைத் தவிர அந்த வம்சம் முழுவதும் சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பே மாண்டு மடிந்துவிட்டது. பூமியிலேயே இல்லாமற்போன ஒரு ஜந்து, பல்லாவரத்துத் தார்ப்பாயின் மேல் மூன்று காலுடன் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கும்போது, எப்படி ஐயா விட்டுவிட்டு வருவது?

இந்த வித்தையை நாம் கற்றது எந்தப் பள்ளிக்கூடத்திலும் அல்ல, நம் தாயாரிடத்தில்தான். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னதாகவே பரணிலிருந்து கொலுப் பெட்டி கீழே இறங்கிவிடும். பழைய புடவைத் துணிகளில் சுற்றிய பொம்மைகளை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். செட்டியார் பொம்மைக்கு விரல் போயிருக்கும். கிருஷ்ணனுக்குப் புல்லாங்குழல் உடைந்திருக்கும். காகிதத்தை ஊறவைத்து இடித்த கூழையும், புளியங்கொட்டைப் பசையையும் சேர்த்துப் பிசைந்து அவள் அந்த அங்கஹீனங்களை நிவர்த்தி செய்வாள். ஒரு வருஷம், செட்டியாருக்குப் புது மீசை எழுதிப் பார்க்கலாமென்று நாம் தூரிகையை எடுத்தோம். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். "மூக்கு உடைந்தால் மூக்கை ஒட்டு. முகத்தை மாற்றிவிடாதே. அப்புறம் அது நம் வீட்டுப் பொம்மை இல்லை" என்றாள். அப்போது நமக்கு வயது பத்து. அந்த வார்த்தையின் பொருள் விளங்குவதற்கு நமக்கு இன்னும் முப்பது வருஷங்களுக்கு மேல் வேண்டியிருந்தது.

முதல் முயற்சியிலேயே நாம் பெருந்தோல்வி அடைந்ததைச் சொல்லிவிட வேண்டும். நீண்ட கழுத்துள்ள ஒரு பிராணிக்கு, ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்துபோன எனாமல் பெயின்டைத் தாராளமாகப் பூசினோம். மறுநாள் தொட்டுப் பார்த்தோம், காயவில்லை. ஒரு வாரம் கழித்துத் தொட்டோம், அப்போதும் பிசுபிசுத்தது. ஒரு மாதத்தில் வீட்டிலுள்ள தூசி, பஞ்சு, தலைமயிர் யாவும் அதன்மேல் வந்து படிந்து, அது கரடியா பல்லியா என்று சொல்ல முடியாத ஒரு புது இனமாகிவிட்டது. காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. பிளாஸ்டிக் மிருதுவாக இருப்பதற்காக அதில் எண்ணெய் போன்ற ஒரு வஸ்துவைக் கலக்கிறார்கள். அது மெள்ள மெள்ள மேலே கசிந்து வந்து, எனாமல் பூச்சைக் காயவிடாமல் இளக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே இவ்வகைப் பொம்மைகளுக்கு ஏற்றது.

இப்போது நம் வைத்தியமுறை ஒழுங்குபட்டிருக்கிறது. சந்தையிலிருந்து வந்த பொம்மைக்கு முதலில் சோப்புத் தண்ணீரில் ஸ்நானம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மடிப்புகளிலுள்ள அழுக்கைத் தேய்த்தெடுப்போம். கால் வளைந்து நிற்க முடியாமல் சாய்கிறதா? கொதிக்கக் காய்ந்த நீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் இளகும். நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். கால் முழுவதுமே ஒடிந்திருந்தால், இரண்டு துண்டுகளிலும் மெல்லிய துளையிட்டு, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி இணைக்கவேண்டும். பசை மட்டும் போதாது. காணாமற்போன பாகத்துக்கு, குழாய் ஒழுக்கை அடைக்கப் பயன்படும் எம்-ஸீல் கைகண்ட மருந்து. இரண்டு உருண்டைகளையும் சமமாகப் பிசைந்து, கல்லாய் இறுகுவதற்குள் நகமும் விரலும் சுருக்கமும் செதுக்கிவிட வேண்டும். பிறகு உப்புக் காகிதத்தால் தேய்த்து, சாம்பல் வர்ணத்தில் ஓர் அடிப்பூச்சு. அதன்மேல் மெல்லிசாக இரண்டு மூன்று கைகள் உடல் வர்ணம். சுருக்கங்களில் ஓடித் தங்கும்படி நீர்த்த கறுப்பு. மேடுகளில் மட்டும் படும்படி, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் இளம் வர்ணம். கண் கடைசியில்தான். விக்கிரகம் செய்யும் ஸ்தபதிகள் கண்ணைக் கடைசியில் திறப்பதன் அருமையை நாம் இந்த அற்பப் பொம்மைகளின் முன்னால்தான் உணர்ந்தோம். அதுவரை வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது, கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தவுடன் நம்மைத் திரும்பிப் பார்க்கிறது!

சரித்திரம் போதிப்பவனுக்கு எதைக் கண்டாலும் அதன் காலத்தை விசாரிக்காமல் தூக்கம் வராது. நம் அலமாரி மிருகங்களை விசாரிக்கத் தொடங்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. பழைய பொம்மைகளில் பெரும்பாலானவை தப்பும் தவறுமாக இருந்தன. டிரன்னோஸாரஸ் என்னும் மாமிசபக்ஷணியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பொம்மைகளில் அது கங்காருவைப்போல் நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டிருக்கும். நியூயார்க் நகரத்து இயற்கைப் பொருட்காட்சிசாலையில் 1915-ல் அதன் எலும்புக்கூட்டை அப்படித்தான் நிறுத்தினார்கள். பொம்மை செய்தவர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். வால் தரையில் படாமல், முதுகும் வாலும் தராசுக்கோல்போல் படுக்கையாக நீண்டிருக்க, அது ஓடித் திரிந்த பிராணி என்று பின்னால் சாஸ்திரிகள் முடிவுகட்டினார்கள். எலும்புக்கூட்டையே பிரித்து, திருத்திய கோலத்தில் அமைத்து, 1995-ல் ஜனங்களுக்குக் காட்டினார்கள்.

இதைவிட வேடிக்கை இகுவானோடானின் கதை. இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பிராந்தியத்தில் வைத்தியராயிருந்த கிடியன் மான்டெல் என்பவர், மண்ணில் கிடைத்த சில பற்களைக் கொண்டு 1825-ல் அதற்குப் பெயர் சூட்டினார். கூம்பு வடிவமாக ஓர் எலும்பும் அகப்பட்டது. எங்கே வைப்பது? காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் மூக்கின்மேல் வைத்தார்கள். 1854-ல் லண்டன் நகரத்து ஸிடன்ஹாம் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி அதைப் பிரம்மாண்டமான உருவமாகச் செய்து நிறுத்தியபோதும் கொம்பு மூக்கின்மேலேயே இருந்தது. சிலை முடியுமுன், 1853 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, அதன் அச்சுக்குள்ளேயே பெரிய மனிதர்களை உட்காரவைத்து ஹாக்கின்ஸ் விருந்து படைத்தார்! பிறகு 1878-ல் பெல்ஜியம் தேசத்தில் பெர்னிஸார் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்தன. அப்போதுதான், மூக்கில் வைத்த கொம்பு உண்மையில் கைக் கட்டைவிரல் என்று உறுதியாயிற்று.

வர்ணத்தின் கதியும் இதுதான். நெடுங்காலம் டைனோஸார் என்றால் பச்சை அல்லது பழுப்பு. யாரும் கண்டதில்லை, எதையும் பூசலாம். ஆனால் 1996-ல் சீன தேசத்து லியாவோநிங் மாகாணத்தில், உடம்பில் மயிர்போன்ற தூவி படர்ந்த ஒரு சிறு டைனோஸார் கல்லில் பதிந்து கிடைத்தது. (நமது எனாமல் பிராணியை நாம் அவசரப்பட்டு ஏளனம் செய்துவிட்டோம் போலும்!) ஸைனோஸாராப்டெரிக்ஸ் என்று பெயர் பெற்ற அதன் தூவிகளில் புதைந்திருந்த நுண்ணிய வர்ணத் துகள்களை ஆராய்ந்து, வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருந்திருக்க வேண்டுமென்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த அன்று நமக்கு உண்டான உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த உற்சாகத்தில்தான் நம் புத்தி தடம் புரண்டது. பொம்மைகளை ரிப்பேர் செய்வதோடு நில்லாமல், திருத்தவும் தொடங்கினோம். வாலை வெந்நீரில் வளைத்து உயர்த்தினோம், நிமிர்ந்தவற்றைக் குனியவைத்தோம், பச்சையையெல்லாம் சுரண்டி எறிந்து சாஸ்திர சம்மதமான வர்ணங்களைத் தீட்டினோம். பரீக்ஷைத் தாளைச் சிவப்பு மையால் திருத்திப் பழகிய கை அல்லவா!

அந்தச் சமயத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவந்தான். வாத்தியார் பொம்மை வைத்தியம் செய்கிறார் என்ற செய்தி பள்ளிக்கூடத்தில் பரவியிருந்தது. "ஸார், இதன் கால் மறுபடியும் ஒடிந்துவிட்டது. நிற்கவைத்துக் கொடுப்பீர்களா?" என்றான். திருவிழாக் கடைகளில் விற்கும் மலிவான பச்சை டிரன்னோஸாரஸ். ஏற்கெனவே ஒரு தடவை ஒடிந்த காலை யாரோ மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருந்தார்கள். கணுக்காலில் இலந்தைப்பழ அளவுக்குக் கரிபிடித்த ஒரு கட்டி. வேலையின் அலங்கோலத்தைக் கண்டு நமக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்காகச் செலவிட்டோம். கரிக்கட்டியைக் கத்தியால் சீவி எறிந்தோம். கம்பி வைத்துப் புதுக் கணுக்கால் அமைத்தோம். வாலை உயர்த்தினோம். பழுப்பு உடலில் கருங்கோடுகள் தீட்டி, மஞ்சள் கண் திறந்தோம். அவ்வளவு சிறப்பாக எந்தப் பொம்மையும் நம் கையிலிருந்து அதுவரை வெளிவந்ததில்லை. திங்கட்கிழமை அதைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, அவன் துள்ளிக் குதிப்பதைப் பார்க்கக் காத்து நின்றோம்.

அவன் குதிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் கணுக்காலைத் தடவினான்.

"ரொம்ப நன்றாயிருக்கிறது, ஸார். இங்கே கறுப்பாக ஒரு கட்டி இருந்ததே?"

"அது அசிங்கமாக இருந்தது, தம்பி. எடுத்தாயிற்று."

"அது எங்கள் அப்பா ஒட்டினது, ஸார்."

வேறொன்றும் அவன் சொல்லவில்லை. நமஸ்காரம் செய்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். நாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பிரித்தோம். அவனுடைய தகப்பனார் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்ற சொல் இருந்தது. வருஷத் தொடக்கத்தில் அந்தப் பெயரை அங்கே எழுதியது நம் கைதான்.

அன்று மாலை வீடு திரும்பியதும் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினோம். கூடை காலையிலேயே காலியாகிவிட்டிருந்தது. தெருமுனைத் தொட்டி வரையில் போய்ப் பார்த்தோம். இலந்தைப்பழ அளவு கரிக்கட்டி ஒன்று அங்கே எப்படி அகப்படும்? நாம் தேடியதை நமது சகதர்மிணி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள், சொன்னோம். வழக்கம்போல் பரிகாசம் செய்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். பரிகாசமே செய்திருக்கலாம்.

பழைய கல்வெட்டில் பிழையிருந்தாலும் அதைத் தொடக்கூடாது, பிழையும் ஒரு சாட்சி என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம். அந்த உபதேசம் கரும்பலகையோடு நின்றுவிட்டது. லண்டன் பூங்காவின் இகுவானோடான் சிலைகளைப் பற்றி முன்பு சொன்னோமே. அருகிலிருந்த பளிங்கு மாளிகை 1936-ல் எரிந்து சாம்பலான பின்னும் அவை நிற்கின்றன. மழையிலும் பனியிலும் அவற்றுக்கு வெடிப்பு உண்டாகிறது. வெடிப்பை அடைக்கிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள். ஆனால் மூக்கின்மேல் உள்ள அந்தத் தப்பான கொம்பை மட்டும் யாரும் எடுத்துக் கையில் வைக்கவில்லை. தப்பு என்பது உலகத்துக்கே தெரியும். ஆயினும் 1854-ல் மனிதன் எவ்வளவு அறிந்திருந்தான் என்பதற்கு அந்தக் கொம்பே சாட்சி. நம் தாயார் லண்டனைக் கண்டதில்லை. ஆனால் செட்டியார் பொம்மையின் மீசை விஷயத்தில் அவள் சொன்ன தீர்ப்பும் அதுவேதான்.

போனது திரும்பாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அரியலூர் ஜில்லாவில் கல்லமேடு என்னும் இடத்தில் ஒரு மகா பிராணியின் எலும்புகள் அகப்பட்டன. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். 1980-களின் பிற்பகுதியில் இந்திய பூகர்ப்ப சாஸ்திரிகள் அதை வர்ணித்து, பேருடல் என்னும் பொருள்பட "பிருஹத்காயோஸாரஸ்" என்று வடமொழியில் பெயரிட்டார்கள். மாமிசபக்ஷணி என்று முதலில் எண்ணினார்கள். நீண்ட கழுத்துள்ள சாகபக்ஷணி என்று பிறகு கருதினார்கள். பூமியில் நடந்த ஜந்துக்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றோ என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ள எலும்பைப் பார்க்கலாமென்றால் எலும்பு இல்லை. மழையாலும் ஈரத்தாலும் இற்றிருந்த அவை உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை சில படங்களும் எழுத்தில் உள்ள வர்ணனையுந்தான். வர்ணத்தை நூறு தடவை பூசலாம்; கருத்தை நூறு தடவை திருத்தலாம். ஆதாரப் பொருள் தொலைந்தால் எதை வைத்துத் திருத்துவது?

இப்போது நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்தப் பொம்மை வந்தாலும் அதன்மேல் கைவைக்குமுன் ஒரு படம் பிடித்து ஒட்டிவிடுகிறோம். கொண்டுவந்தவர் யாராயிருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொள்கிறோம்: "இதில் எது எது அப்படியே இருக்கவேண்டும்?" பதில்கள் விசித்திரமானவை. "அந்தப் பல் தடம் எங்கள் ஜிம்மி கடித்தது, இருக்கட்டும்" என்றாள் ஒரு சிறுமி. சந்தையில் அநாதையாய்க் கிடைத்தவற்றுக்குக் கேட்பாரில்லை. ஆகவே அவற்றின் வாலையும் நாம் இப்போது திருத்துவதில்லை. தரையில் ஊன்றியது ஊன்றியபடியே நிற்கட்டும்.

அந்தப் பையன் நம்மேல் கோபம் கொள்ளவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். தங்கையின் முக்கொம்பு மிருகம் ஒன்று, நடுக்கொம்பு ஒடிந்திருந்தது. நாம் கம்பியையும் எம்-ஸீலையும் எடுத்தோம். அவன் சிறிது தயங்கி, "ஒரு மெழுகுவர்த்தி கிடைக்குமா, ஸார்?" என்று கேட்டான். கொடுத்தோம். கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து அவனே சுடரில் உருக்கி ஒட்டினான். கொம்பு சற்றுக் கோணலாகத்தான் நின்றது. அடியில் கறுப்பாக ஒரு கட்டி.

பழக்கதோஷத்தால் நம் கை உப்புக் காகிதத்தை நாடியது. "தேய்த்து வர்ணம் பூசிவிடலாமா?" என்று, இந்தத் தடவை, கேட்டோம்.

"வேண்டாம், ஸார். தங்கைக்குத் தெரியவேண்டும்."

"என்ன தெரியவேண்டும்?"

"நான் ஒட்டினது என்று" சொல்லிவிட்டு, மிருகத்தைச் சட்டைப்பைக்குள் கொம்பு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு புறப்பட்டான்.